கிணற்றுக்குள் ஒரு செம்புச் சுருள்

"ஏல, கெணத்துக்குள்ள கரண்ட விடப்போறியா?" என்று ஆச்சி கேட்டபோது என் தோளில் பதினைந்து மீட்டர் செம்புக் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை ஆச்சி, வெறும் சூடுதான் என்றேன். "சூடா? மீனு மட்டும் செத்துச்சுன்னு வையி..." என்று பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் கிணற்றில் ஏழெட்டுக் கெண்டை கிடக்கின்றன. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று தாத்தா விட்ட வம்சம்.

கம்ப்யூட்டர் பிராசஸரைக் குளிர்விக்கக் கிணற்றடிக்கு வந்து சேர எனக்கு மூன்று வருடம் ஆனது. ஒரு மதர்போர்டு செத்தது. பணக்கணக்கை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நம் பக்கத்தில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் காசாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சேரன்மகாதேவியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கட்டட வரைபடங்களை முப்பரிமாணப் படங்களாக மாற்றிக் கொடுக்கும் வேலை. சென்னையிலும் கொச்சியிலும் இருக்கும் ஆர்க்கிடெக்ட்கள் சாயங்காலம் ஃபைலை அனுப்பிவிட்டு மறுநாள் காலையில் படம் கேட்பார்கள். பெரிய காட்சிகள் கிராபிக்ஸ் கார்டின் மெமரியில் அடங்காது. பிராசஸரில்தான் ரெண்டர், அதாவது படமாக்கும் கணக்கு, ஓட்ட வேண்டும். அதற்காக வாங்கியது ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் என்ற பிராசஸர் சிப். 2022 செப்டம்பரில் வந்தது, பதினாறு கோர். 170 வாட் என்று சொல்லி விற்றாலும் முழு மூச்சில் ஓடினால் 230 வாட் வரை இழுக்கும். 95 டிகிரி வரை ஏறட்டும் என்றே அதை வடிவமைத்திருக்கிறார்கள். 95ஐத் தொட்டால் எரிந்துவிடாது. வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே இந்த சிப்பில் நல்ல கூலிங் போட்டால் முதலில் கூடுவது வேகம். சூடு குறைவது அப்புறம்தான். இது புரிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

அறை மாடியில். தலைக்கு மேலே ஒற்றைக் கான்கிரீட் தளம், மேற்குப் பார்த்த சுவர். அக்கினி நட்சத்திரத்தில் மதியம் மூன்று மணிக்கு அறைக்குள் 39 டிகிரி. முதலில் போட்டிருந்தது மூன்று ஃபேன் வைத்த ரெடிமேட் வாட்டர் கூலர். மார்கழியில் அதில் ஒரு குறையும் இல்லை. சித்திரை பிறந்ததும் ரெண்டர் தொடங்கிய இரண்டாவது நிமிடமே 95ல் போய் முட்டிக்கொண்டு நின்றது.

சரி, பெரிய ரேடியேட்டராகப் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். கம்ப்யூட்டருக்கென்று விற்கும் ரேடியேட்டரின் விலையைப் பார்த்துவிட்டு, திருநெல்வேலியில் ஒரு பழைய இரும்புக் கடையில் காரிலிருந்து கழற்றிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கினேன். கடைக்கார அண்ணாச்சி தராசில் நிறுத்துக் கொடுத்தார். அது அலுமினியம். பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பிளாக்கோ செம்பு. செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணீரில் போட்டால் அது ஒரு பேட்டரி மாதிரி, கரைவது அலுமினியம். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், தேவைப்பட்ட நேரத்தில் ஞாபகம் வரவில்லை. போதாக்குறைக்கு போர் தண்ணீரை ஊற்றியிருந்தேன். இரண்டே மாதத்தில் வெப்பநிலை ஏற ஆரம்பித்தது. பிளாக்கைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே சீப்புப் பல்போல நெருக்கமாக இருக்கும் வரிகளுக்கு நடுவே கஞ்சி ஆடை மாதிரி வெள்ளையாகக் கொழகொழவென்று அடைத்துக் கிடந்தது. பழைய பல்துலக்கியும் வினிகரும் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். தண்ணீர் படும் இடமெல்லாம் செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு மட்டும். அலுமினியம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அப்புறம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான். அதிலும் சில கேன்கள் பேருக்குத்தான் டிஸ்டில்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, பத்துக்கு மேல் காட்டினால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் குடிக்கத்தான், இதற்கு ஆகாது.

ரேடியேட்டரை மாற்றி, எல்லாம் ஒழுங்காகப் பூட்டிய பிறகும் மே மாத மதியம் 95தான். இங்கேதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தண்ணீர் சூட்டைச் சுமப்பதில் கெட்டிக்காரன். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே 250 வாட்டை மூன்றரை டிகிரி ஏற்றத்தில் அள்ளிக்கொண்டு போய்விடும். அள்ளியதை எங்கே கொட்டுகிறது? ரேடியேட்டர் வழியாக அறைக் காற்றில். அறைக் காற்றே 39 டிகிரி. எத்தனை ஃபேன் வைத்தாலும் தண்ணீர் 39க்குக் கீழே வராது, நடைமுறையில் 45, 46ல் நிற்கும். குப்பையைக் கூட்டி அதே அறையின் மூலையில் குவிக்கிற கதை. அதோடு, கொட்டிய சூட்டில் அறையும் ஏறுகிறது.

தண்ணீருக்கும் சிப்புக்கும் நடுவே என்னிடம் எப்போதும் ஐம்பது, ஐம்பத்தைந்து டிகிரி வித்தியாசம் இருக்கும். காரணம் சூடு பிறக்கும் இடம் அத்தனை சின்னது. கோர்கள் இருக்கும் இரண்டு சில்லும் தலா 70 சதுர மில்லிமீட்டர் வாக்கில்தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. அதன்மேல் தடித்த உலோக மூடி. அந்த மூடியைத் தாண்டி வருவதற்குள் சூடு திணறிப்போகிறது. பம்பை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் இந்த வித்தியாசம் பெரிதாகக் குறையாது. நம் கையில் இருப்பது தண்ணீரின் வெப்பநிலை ஒன்றுதான். அதை எத்தனை டிகிரி இறக்குகிறோமோ, சிப்பும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி இறங்கும். அப்படியானால் தண்ணீரையே குளிரவைத்தால் என்ன?

இந்தக் கேள்விதான் என்னை ஏசிக்குக் கொண்டுபோனது.

பழைய ஒரு டன் ஜன்னல் ஏசி ஒன்று சித்தப்பா வீட்டில் சும்மா கிடந்தது. அதன் மேலோட்டைக் கழற்றி, குளிர்ச்சி தரும் சுருளை மட்டும் மெல்ல வளைத்து ஒரு தண்ணீர்ப் பெட்டிக்குள் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஏசி காற்றைக் குளிரவைப்பதற்குப் பதிலாகத் தண்ணீரைக் குளிரவைக்கும். வீரவநல்லூரிலிருந்து வந்த மெக்கானிக் ஒரு மணி நேரம் பார்த்தார். "தம்பி, குழாயில ஒரு கீறல் விழுந்தாலும் கேஸ் பூரா போயிரும். பொறவு என்னயச் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அவரே குழந்தையைத் தூக்குகிற மாதிரி சுருளைத் தூக்கி வளைத்துக் கொடுத்தார். தண்ணீர்ப் பெட்டி? தூத்துக்குடியிலிருந்து மீன் வரும் தெர்மோகோல் பெட்டி. பிளாஸ்டிக் ஷீட் போட்டு முப்பது லிட்டர் ஊற்றினேன். மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவியும் சீலா மீன் வாடை போகவில்லை. ரெண்டர் ஓடும்போதெல்லாம் அறையில் மீன் சந்தை.

ஆனால் என்ன குளிர்ச்சி! அரைமணி நேரத்துக்குள் தண்ணீர் 8 டிகிரிக்கு வந்துவிட்டது. சிப் முழு வேகத்தில் 63 டிகிரி. அந்த எண்ணைக் கண்டதும் வீட்டில் எல்லோரையும் மாடிக்கு அழைத்துக் காட்டினேன். அம்மா மட்டும் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். 230 வாட்டைத் தணிக்க ஏசி மட்டும் 1,100 வாட்டுக்கு மேல் இழுத்தது. மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதக் கரண்ட் பில் வந்த அன்று நான் வீட்டில் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன்.

பில் கூடப் பரவாயில்லை. ஐப்பசி வந்தது.

அடைமழை. அறை 29 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். குழாய்கள் சோடா பாட்டில் மாதிரி வேர்த்தன. துணியால் துடைத்துவிட்டு, குழாயைச் சுற்றி ஃபோம் சுற்றிவிட்டு, ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். கண்ணில் படாத இடம் ஒன்று இருந்தது: மதர்போர்டின் பின்பக்கம், சாக்கெட்டுக்கு நேர் கீழே. பிளாக்கின் குளிர் சாக்கெட்டின் ஊசிகள் வழியாக அங்கேயும் இறங்குகிறது. ஒரு ராத்திரி பதினொரு மணிக்குத் திரை அணைந்தது. போர்டைக் கழற்றித் திருப்பினால் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்குப் பனித்துளிபோலத் தண்ணீர், அதன் நடுவில் பச்சை பூத்த இரண்டு கால்கள். ஹேர் டிரையர் போட்டுக் காயவைத்தேன், இரண்டு நாள் அரிசிக்குள் வைத்தேன். அரிசிதான் வீணாயிற்று.

காற்றில் இருக்கும் ஈரம் எந்த வெப்பநிலையில் துளியாகப் படியும் என்பதுதான் பனிநிலை. அதற்கு எளிய மனக்கணக்கு ஒன்று உண்டு. நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, வருவதை அறை வெப்பநிலையிலிருந்து கழிக்க வேண்டும். 80 சதவீதம் என்றால் இருபது, வகுத்தால் நாலு. 29ல் நாலு போனால் 25. அன்றைக்கு 25க்குக் கீழே உள்ள எந்தப் பொருளும் வேர்க்கும். நான் வைத்திருந்தது 8. ஈரப்பதம் ஐம்பதுக்கு மேல் இருக்கும் நாட்களுக்கு இந்தக் கணக்கு போதும். கோடையில் காற்று உலர்ந்திருக்கும்போது பொருந்தாது. 38 டிகிரியும் 35 சதவீதமும் இருக்கும் நாளில் இந்தக் கணக்கு 25 என்று சொல்லும், உண்மையான பனிநிலை 20 வாக்கில்தான். அப்படியும் தவறு பத்திரமான பக்கம்தான் என்பதால் பயமில்லை.

பனிநிலைக்குக் கீழே போய்த்தான் தீருவேன் என்பவர்கள் சாக்கெட்டுக்குள்ளும் பின்னாலும் வாஸ்லின் நிரப்பி, நியோப்ரீன் ஷீட் ஒட்டி, காற்றே புகாமல் அடைப்பார்கள். சிப்பை யார் அதிக வேகத்தில் ஓட்டுவது என்று ஒருநாள் நடக்கும் போட்டிக்கு அது சரி. தினமும் சோறு போடுகிற மெஷினுக்கு நான் சொல்ல மாட்டேன். சின்ன ஈரப்பதமானி ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பனிநிலைக்கு மூன்று டிகிரியாவது மேலே நிறுத்துங்கள். அதற்கு மேல் கிடைக்கிற குளிர்ச்சி நமக்கு எழுதி வைத்ததில்லை.

போட்டிக்காரர்களின் உலகம் வேறு. அவர்கள் பிராசஸர் மேல் ஒரு செம்புக் குவளையை நிறுத்தி, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவார்கள். 2022 டிசம்பரில் ஓர் இன்டெல் 13900கே சிப்பைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்து, முதன்முறையாக 9 கிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தாண்டினார்கள். ஹீலியம் நமக்கு எட்டாது. நைட்ரஜன் நம் ஊரிலேயே இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. மாட்டுக்குச் சினை ஊசி போட உறைவிந்துக் குச்சிகளை அடுக்கி வைத்திருக்கும் அந்த அலுமினிய ஜாடிக்குள் புகை கக்கிக்கொண்டு கிடப்பது அதுதான். எங்கள் பசுவைக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். ஜன்னல் சாத்திய அறையில் ஒரு லிட்டரைக் கொட்டினால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரிந்து ஆக்சிஜனைத் தள்ளிவிடும், மூச்சு முட்டுவதே தெரியாமல் ஆள் விழுந்துவிடுவான் என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் மாட்டுக்கு ஊசியைப் போட்டு அனுப்பிவைத்தார்.

கம்ப்யூட்டரையே எண்ணெயில் முக்குவதையும் யோசிக்காமல் இல்லை. கிரே-2 என்ற சூப்பர் கம்ப்யூட்டரையே 1985ல் ஃப்ளூரினெர்ட் என்ற, மின்சாரம் கடத்தாத திரவத்தில் முழுக்க மூழ்கடித்துத்தான் ஓட்டினார்கள். அந்த ரகத் திரவங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது, அவற்றைச் செய்துவந்த 3எம் நிறுவனமே 2025 முடிவுக்குள் அந்தத் தயாரிப்பை விட்டுவிடுவதாக 2022ல் அறிவித்துவிட்டது. மினரல் ஆயிலில் முக்கிப் பார்த்த வீட்டுக்காரர்கள் உலகம் முழுக்க உண்டு. எண்ணெய் ஒயர்களின் உறைக்குள் திரிபோல ஏறி மேசைக்கு வரும், ரப்பரை ஊறவைக்கும், ஒரு ரேம் மாற்றக் கையெல்லாம் பிசுபிசுக்கும். பக்கத்து வீட்டுப் பையன் தேங்காய் எண்ணெய் ஊற்றலாமே என்றான். மார்கழி விடியலில் உறைந்துபோகும் என்றதும் அவனே சிரித்துவிட்டான். கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடும் பெல்டியர் தகடும் இரண்டு வாங்கிப் போட்டேன். ஒரு தகடு ஐம்பது வாட் சூட்டை நகர்த்த, தானும் அறுபது வாட்டுக்குக் குறையாமல் தின்கிறது. அது இப்போது ஒரு டப்பாவில் கிடக்கிறது.

மதர்போர்டு செத்த துக்கத்தில் சில மாதம் எதையும் தொடவில்லை. அடுத்த கோடையில் அடுக்களையில் மண்பானையிலிருந்து தண்ணீர் மோந்து குடித்தபோதுதான் திரும்பவும் புத்தி போனது. அறை 38, பானைத் தண்ணீர் 28. எந்த ஏசியும் இல்லாமல். பானையின் மேலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் போகும். என் சிப்புக்கு மணிக்கு 350 மில்லி ஆவியானால் போதும், ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் அதிகம். கேட்கவே ருசியாக இருக்கிறது. ஆனால் பானை ஒரு நாள் முழுக்க விடுவதே ஒன்றிரண்டு லிட்டர்தான். வாட்டில் சொன்னால் ஐம்பது தேறினாலே அதிகம். ரேடியேட்டரை ஏர்கூலரின் முன்னால் நிறுத்திப் பார்த்தேன். மே மாதம் அருமையாக வேலை செய்தது, ரேடியேட்டரில் உப்புப் படிந்தது, அறை முழுக்கப் புழுங்கியது. மழைக்காலத்தில் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் அதற்கு வேலையே இல்லை.

பானையைக் குடம் குடமாக நிரப்புவது கிணற்றிலிருந்து. மோட்டார் இருந்தாலும் ஆச்சிக்கு வாளிதான். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. கிணற்றுத் தண்ணீர் இனிக்கும், துவரம்பருப்பு பூப்போல வேகும். ஒரு மே மாத மதியம் வாளியில் வந்த தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை விட்டேன். 29. வெளியே 40. மார்கழியில் பார்த்தபோது 28. வருடம் முழுக்க ஒரு டிகிரிதான் அசைகிறது. மண் தன் சூட்டை விடாமல் வைத்துக்கொள்கிறது. இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் குளிர்ச்சி மட்டுமில்லை. ஐப்பசிப் பனிநிலை 25, கிணறு 28. எந்த மாதத்திலும் குழாய் வேர்க்காது. ஏசியிடம் நான் பட்ட பாட்டுக்கு மருந்து வீட்டுப் பின்னாலேயே கிடந்திருக்கிறது.

கணக்கு இதுதான். நாலடி விட்டமுள்ள உறைக்கிணறு, மழைக்காலத்தில் பத்தடித் தண்ணீர் நிற்கும். சுமார் 3,500 லிட்டர். 230 வாட்டை எட்டு மணி நேரம் விடாமல் கொட்டினாலும் அரை டிகிரி ஏறாது. மே மாதம் மூன்றடிக்கு இறங்கிவிடும், அப்போது ஒன்றரை டிகிரி. ராத்திரிக்குள் மண் அதை வாங்கிக்கொள்ளும். இதை ஆச்சியிடம் சொன்னேன். "இம்புட்டு செலவு பண்ணி ஒரு செம்பு வெந்நீகூட வராதாக்கும்" என்றாள். மீனுக்கு ஆபத்தில்லை என்பது மட்டும் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

கிணற்றுத் தண்ணீரையே நேரே பிளாக்குக்குள் ஓட்டக் கூடாது. மண்ணும் உப்பும் பாசியும் ஒரு வாரத்தில் அந்தச் சீப்புப் பல்லை அடைத்துவிடும். அதனால் ஓடுவது தனித் தண்ணீர். கிணற்றுக்குள் ஒரு செம்புச் சுருளின் வழியாக அது சூட்டை மட்டும் விட்டுவிட்டுத் திரும்பும். ஏசிக்குப் போடும் செம்புக் குழாய், பதினைந்து மீட்டர் ஒரே சுருளாகக் கிடைக்கும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வாங்கி பாபநாசம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் சுருளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஊறல் போடப் போறியளா?" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

முதலில் நான் வாங்கியது முக்கால் பாகம் வீண். எட்டில் மூன்று (3/8) அங்குலக் குழாய், விலை குறைவு என்று. அத்தனை நீளத்தில் உரசல் அதிகமாகி, தண்ணீர் நூலாகத்தான் வந்தது. அரை அங்குலத்துக்கு மாறியதும் நிமிடத்துக்கு மூன்று லிட்டர். பம்பு பற்றி எல்லோரும் கேட்கும் கேள்வி: மாடியிலிருந்து கிணற்றின் அடிமட்டம் வரை நாற்பதடி, நாலு மீட்டர்கூடத் தூக்காத டி5 என்ற கம்ப்யூட்டர் கூலிங் பம்பு எப்படித் தள்ளும்? தூக்கவே வேண்டாம். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பிய மூடிய சுற்றில், இறங்கும் பக்கத்தின் எடையும் ஏறும் பக்கத்தின் எடையும் தராசுபோலச் சமமாகிவிடும். பம்பு ஜெயிக்க வேண்டியது உரசலை மட்டும்தான். ஆனால் முதல் தடவை நிரப்பும்போது இந்தத் தராசு கிடையாது, காற்று அடைத்துக்கொண்டு பம்பு வெறுமனே கத்தும். நான் தோட்டத்துக் குழாய் பிரஷரில் தண்ணீரைத் தள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசி நிரப்பினேன். அடியில் ஒன்றேகால் பார் அழுத்தம் இருக்கும் என்பதால், தண்ணீருக்குள் ஒரு ஜாயிண்ட்கூட இல்லை. எல்லா இணைப்பும் கைப்பிடிச்சுவருக்கு மேலே, ஸ்டீல் கிளாம்பு போட்டு.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் முன் இருபத்துநாலு மணி நேரம் பம்பை மட்டும் ஓட்டுங்கள். பவர் சப்ளையின் பெரிய கனெக்டரில் 16ஆம், 17ஆம் ஊசிகளை ஒரு ஒயர்த் துண்டால் இணைத்தால் போர்டு இல்லாமலே அது எழுந்துகொள்ளும். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்தேன். நாலாவது மூட்டில் மட்டும் காலையில் ஒரு பொட்டு ஈரம். வீட்டு எர்த்தைச் சரிபார்த்து, கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டேன். பம்பு 12 வோல்ட்தான் என்றாலும் ஆச்சி வாளி விடும் கிணறு அது.

அதே காரணத்துக்காக, உள்ளே ஓடும் தண்ணீரில் எதையும் கலக்கவில்லை. கடையில் விற்கும் கலர் கூலன்ட் பலவற்றில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும், அது விஷம். பாசி பிடிக்காமலிருக்க, வெளிச்சமே புகாத கறுப்புக் குழாய் மட்டும். இந்தப் பிடிவாதம் நல்லதாகப் போயிற்று என்பது ஆடி மாதம் தெரிந்தது. மேற்குச் சுவர் வெயிலில் குழாய் காயாமலிருக்க ஃபோம் சுற்றியிருந்தேன். அணிலுக்கு அது கூடு கட்டும் பஞ்சு. பஞ்சோடு குழாயையும் கடித்துவிட்டது. ராத்திரி முழுக்க ரெண்டர். மேலே இருந்த தண்ணீரெல்லாம் கசிந்து சுவர் வழியாகக் கிணற்றடிக்கு வந்துவிட, பம்பு காய்ந்து ஓடியது. சிப் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டு அணைந்துவிட்டது, பம்பு செத்தது. தண்ணீரே அதற்கு எண்ணெய் மாதிரி. உலர்ந்து ஓடினால் பேரிங் தாங்காது. கிணற்றில் விழுந்தது வெறும் டிஸ்டில்டு வாட்டர் என்பதால் வீட்டில் என்னால் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது. இப்போது குழாய்கள் பிவிசி பைப்புக்குள் போகின்றன. மாடித் தொட்டிக்குப் போடும் மிதவை சுவிட்ச் ஒன்றை ரிசர்வாயரில், அதாவது சுற்றின் தண்ணீர்ப் பெட்டியில், வைத்திருக்கிறேன். தண்ணீர் இரண்டு விரல் இறங்கினால் எல்லாம் நின்றுவிடும்.

இப்போது மே மாத மதியத்தில் பிளாக்குக்குப் போகும் தண்ணீர் 32. சிப் 86, 87. அறையும் முன்போலக் கொதிப்பதில்லை, சூடு ஜன்னலைத் தாண்டிப் போய்விடுகிறதே. இதையெல்லாம் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் பாவம். கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கான பயாஸில், கரண்டைக் குறைத்து ஓட்டும் ஈகோ மோட் (Eco Mode) என்று ஒன்று இருக்கிறது. 105 வாட்டுக்கு வைத்தால் சிப் 142 வாட்டுக்கு மேல் இழுக்காது. நாற்பது நிமிட ரெண்டர் நாற்பத்துமூன்று நிமிடம் ஆகிறது, பழைய ரெடிமேட் கூலரிலேயே 95ஐத் தொடாது. செலவு பூஜ்யம், நேரம் ஒரு நிமிடம். முதல் கோடையிலேயே ஒரு நண்பன் சொன்னான். அவனுக்கு ஏதோ பொறாமை என்று நினைத்தேன். கிணறு இல்லாதவர்களும், கிணறு இருந்தும் ஆச்சி இல்லாதவர்களும் அதிலேயே தொடங்கலாம். நானே அவசரமில்லாத வேலைகளை இப்போது அப்படித்தான் ஓட்டுகிறேன்.

இந்தப் பங்குனியில் கிணறு தூர் வார ஆள் வந்தார்கள். சுருளை மேலே தூக்கினால் அடையாளமே தெரியவில்லை. கறுத்து, வெள்ளை உப்பும் பச்சைப் பாசியும் ஏறி, மலைப்பாம்பு சுருண்ட மாதிரி. கம்பித் துடைப்பானைத் தேடி நான் மாடிக்குப் போய் வருவதற்குள் ஆச்சி கிணற்றடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு பழம்புளி, கொஞ்சம் கல்லுப்பு, தேங்காய் நார். குத்துவிளக்குக்குத் தேய்க்கிற அதே தேய்ப்பு. ஒவ்வொரு வளையமாகச் செம்பு சிவந்து வந்தது. "கழுவாம எறக்கினா வெளக்கும் எரியாது, ஒன் மிசினும் ஓடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே பதினைந்து மீட்டரையும் முடித்தாள். நான் வாளியில் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். மறுநாள் சுற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைவாகக் காட்டியது. புளியினாலா, தூர் வாரிய பிறகு ஊறிய புதுத் தண்ணீரினாலா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அடுத்த வருடம் பாதிச் சுருளை மட்டும் தேய்த்துப் பார்க்கலாமா என்று ஆச்சியிடம் இன்னும் கேட்கவில்லை.